நாடு இல்லை, தேசிய அணி உண்டு: லாக்ரோஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

"நாடே இல்லாதவங்களுக்கு எப்படிண்ணே தேசிய அணி?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பசாரை ஒட்டிய ஒட்டுக்கடையில், ஒரு ஞாயிறு காலை இந்தக் கேள்வி வந்தது. கேட்டவன் எங்கள் பழைய தோட்டக் காற்பந்து அணியின் கோல்கீப்பருடைய மகன். லாக்ரோஸ் என்ற ஆட்டத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் அணி ஒன்று உலகத்திலேயே மூன்றாம் இடம் பிடித்ததாக அவன் கைப்பேசியில் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். "அது அமெரிக்காவோட பி அணிப்பா" என்றார் ஒருவர். "பாவம் பார்த்து இடம் கொடுத்திருப்பாங்க" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் ஒரே போடாக, "2028 ஒலிம்பிக் தங்கம் அவங்களுக்குத்தான்" என்று முடித்துவிட்டார்.

முதல் இரண்டும் தப்பு. மூன்றாவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அங்கேயே சொல்லியிருப்பேன், அதற்குள் ரொட்டி சானாய் வந்துவிட்டது. அதனால் இங்கே, முதலிலிருந்து.

தூக்குச்சட்டியும் ஒட்டுப்பால் பந்தும்

லாக்ரோஸை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் "ஹாக்கி மாதிரி" என்பார்கள். மட்டை இருப்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஹாக்கி மட்டை பந்தை அடிக்கும். லாக்ரோஸ் மட்டை பந்தைப் பிடிக்கும், சுமக்கும், வீசும். ஒரு கழி, அதன் நுனியில் சின்ன வலைப்பை, அவ்வளவுதான். அல்லூரில் மீன் அள்ளப் போகும் பிள்ளைகளின் கையிலிருக்கும் வலையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்த மாதிரி. பந்தை வலையில் ஏந்திக்கொண்டு ஓடி, சகாக்களுக்கு வீசிக் கொடுத்து, எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். எதிரணிக்காரன் சும்மா இருக்க மாட்டான். மட்டையாலும் தோளாலும் மோதுவான்.

இத்தனை தள்ளுமுள்ளுக்கு நடுவே பந்து ஏன் கீழே விழுவதில்லை?

பள்ளி விட்டு வரும்போது தூக்குச்சட்டியில் தண்ணீர் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றியிருப்பீர்கள். சட்டி தலைகீழாகப் போகும்போதும் தண்ணீர் சிந்தாது. தண்ணீர் நேர்கோட்டில் ஓடிப்போகப் பார்க்கிறது, சட்டியின் அடிப்பாகம் அதை விடாமல் உள்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வேகம் குறைந்தால் சட்டை நனையும். லாக்ரோஸ்காரர் செய்வதும் இதைத்தான். மட்டையை முழு வட்டமாகச் சுழற்றாமல், மணிக்கட்டால் இப்படியும் அப்படியும் சிறு அரைவட்டங்களாக ஆட்டிக்கொண்டே ஓடுகிறார். பந்து வலையின் அடியில் அழுந்தி உட்கார்ந்துவிடுகிறது. இதற்குப் பெயர் தொட்டிலாட்டம். நான் வைத்த பெயரில்லை, ஆட்டக்காரர்களே சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கும் தொட்டிலாட்டுவது என்றுதான் பொருள்.

வீசும்போது அதே கழி கையின் நீளத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கழி நீளமாக இருந்தால் நுனி வேகமாகப் போகும். நல்ல ஆட்டக்காரர் வீசிய பந்து மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். பந்து திட ரப்பர், எடை ஏறத்தாழ 145 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கோல்கீப்பரின் நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

ரப்பர் பந்து என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால்தான் நினைவுக்கு வரும். மரத்தில் பால் பிடிக்கும் மங்கின் ஓரத்தில் உறைந்திருப்பதை உரித்து, வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் இழையை மெல்ல இழுத்து, அதன் மேல் சுற்றிக்கொண்டே போனால் மாலைக்குள் பந்து தயார். கையில் வாடை நாலு நாளைக்குப் போகாது. தரையில் போட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று போட்டவனுக்கே தெரியாது. லாக்ரோஸுக்கு 1867-ல் விதிமுறை எழுதியபோதே பந்து ரப்பரில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் பக்கத்துக் கோல கங்சாருக்கு ரப்பர் கன்று வந்ததே 1877-ல்தான். நம் பால்மரத்தைவிட அந்த விதிக்கு வயது அதிகம்.

ஆட்டம் யாருடையது

காணொளியில் வந்த அணி ஹோடெனோஷோனி மக்களுடையது. ஹோடெனோஷோனி என்பது ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பு: மொஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் எல்லை தாண்டி கனடாவிலும் இவர்களுடைய நிலங்கள் இருக்கின்றன. ஐரோப்பியர் இவர்களை இரோகுவா என்று அழைத்தார்கள். அணியும் நெடுங்காலம் அந்தப் பெயரில்தான் ஆடியது, 2022-ல்தான் ஹோடெனோஷோனி நேஷனல்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்கு 'நீண்ட வீட்டின் மக்கள்' என்று பொருள். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மர வீடு அது. சரவாக்கின் நீண்ட வீட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் நீளமான வீடுதானே என்று கேட்கலாம். நீளம் சரிதான், ஆனால் அதைத் துரை கட்டினான்.

இவர்களுக்கு லாக்ரோஸ் பொழுதுபோக்கு மட்டுமல்ல. படைத்தவனுக்குப் பிடித்த ஆட்டம், நோய் தீர்க்கும் ஆட்டம் என்று சொல்கிறார்கள். ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் அவருக்காக ஊர் கூடி ஆடுவது உண்டு. நேர்த்திக்கடனுக்குக் காவடி எடுப்பவர்களிடம் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஜார்ஜ் பியர்ஸ் என்ற மொன்ட்ரியால் பல் மருத்துவர்தான் அந்த 1867 விதிமுறையை எழுதியவர். சங்கங்கள் வந்தன, வெற்றிக் கிண்ணங்கள் வந்தன. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பூர்வகுடி அணிகள் காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள், ஆகவே அவர்கள் தொழில்முறைக்காரர்கள் என்று சொல்லி, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கனடாவின் முக்கியப் போட்டிகளிலிருந்து வெளியே தள்ளினார்கள். ஆட்டத்தைக் கொடுத்தவனுக்கே திடலில் இடமில்லை. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஒரு மொஹாக் அணி மூன்றாம் இடம் பிடித்தது. ஆடியவை மொத்தம் மூன்று அணிகள்தான், அது வேறு விஷயம். 1908-க்குப் பிறகு லாக்ரோஸ் பதக்கப் பட்டியலிலிருந்தே போய்விட்டது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இவர்கள் யாருடைய பி அணியும் இல்லை. ஆட்டத்தின் மூத்த உரிமைக்காரர்கள், நூறு ஆண்டுக்குக் கிட்டத் தட்ட வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

ஒரே ஆட்டம், மூன்று திடல்

இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு குழம்பும். ஃபீல்டு லாக்ரோஸ் என்பது காற்பந்துத் திடல் அளவில் பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடுவது. பாக்ஸ் லாக்ரோஸ், கோடையில் காலியாகக் கிடக்கும் ஐஸ் ஹாக்கி அரங்குகளில் 1930-களில் பிறந்தது. சுற்றிலும் சுவர், பக்கத்துக்கு ஆறு பேர், இடம் நெருக்கம். மூன்றாவது சிக்ஸஸ். அதுவும் பக்கத்துக்கு ஆறு பேர்தான், ஆனால் வெளித்திடலில், கால்பகுதிக்கு எட்டே நிமிடம். கிரிக்கெட்டுக்கு டி20 எப்படியோ, இதற்கு சிக்ஸஸ் அப்படி. ஒலிம்பிக்குக்குப் போவது இதுதான்.

'தேசிய அணி' என்றால் என்ன

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. லயத்தை இடித்தார்கள், ரப்பர் போன இடத்தில் பாதி செம்பனை, பாதி குடியிருப்புத் தாமான். ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போனார்கள். ஆனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மோட்டார்கள் வரிசையாக வந்து திடலோரம் நிற்கும். அதே பதினோரு பேர், அதே மஞ்சள் ஜெர்சி, முதுகில் அதே தோட்டத்தின் பெயர். மாவட்ட லீக் நடத்தியவர், "உங்க தோட்டமே இல்லையேப்பா" என்று சிரித்தார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். வருடா வருடம் ஆடியவர்கள், நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள், அவருக்கு அது போதும். பிறகு வேறொரு கிண்ணப் போட்டிக்குப் போனோம். அங்கே பதிவு செய்த மன்றத்தின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்களிடம் இல்லை, திரும்பி வந்தோம். ஆள் அதே ஆள், கால் அதே கால். ஒரு வாசல் திறந்தது, இன்னொன்று மூடியே இருந்தது.

உலகப் போட்டிகளும் இப்படித்தான் நடக்கின்றன. தேசிய அணி என்றால் ஒரு நாட்டின் அணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்ட அமைப்பின் அணிக்குத்தான் தேசிய அணி என்று பெயர். ஐக்கிய நாடுகள் சபையில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. காற்பந்தில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் தனித்தனியாக ஆடவில்லையா? கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாட்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பல தீவு நாடுகள் சேர்ந்து கட்டிய அணி அது.

ஹோடெனோஷோனி அணி 1983-ல் உருவானது. உருவாக்கியவர்களில் ஒருவர் ஒரென் லயன்ஸ். ஒனொண்டாகா மக்களின் மரபுக் காவலர். இளமையில் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் லாக்ரோஸ் கோல்கீப்பர், 1957-ல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணியில் நின்றவர். உலக லாக்ரோஸ் கூட்டமைப்பு சில ஆண்டுகளில் இவர்களை முழு உறுப்பினராக ஏற்றது. 1990-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சொந்தக் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) போய், சொந்தக் கொடியோடு திடலில் இறங்கினார்கள்.

அதாவது, பாவம் பார்த்து யாரும் இடம் கொடுக்கவில்லை. வாசலில் என்ன கேட்டார்களோ அதைக் காட்டி உள்ளே போனார்கள்.

ஏறினார்கள் என்றால், எவ்வளவு ஏறினார்கள்

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள், இரண்டு பக்கமும். 1990-ல் ஐந்தாம் இடம், 2018-ல் மூன்றாம் இடம். "இருபத்தெட்டு வருஷத்தில் ரெண்டே படியா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர், "1990-ல் ஆடினதே அஞ்சு அணி, 2018-ல் 46 அணி. கடைசியிலிருந்து உச்சிக்கு வந்துட்டாங்க" என்பார். வகுப்பில் மூன்றாவது என்று பிள்ளை சொன்னால், வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்கிறோம் இல்லையா? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதோடு நின்றால் பாதிதான்.

ஃபீல்டு லாக்ரோஸ் உலகப் போட்டியின் கணக்கைப் பாருங்கள். 1990-ல் ஐந்து அணிகளில் ஐந்தாவது, ஒரு வெற்றியும் கிடையாது. 1998-ல் பதினோரு அணிகளில் நான்காவது. 2002-ல் பதினைந்தில் நான்காவது, 2006-ல் இருபத்தொன்றில் நான்காவது. 2014-ல் அமெரிக்காவின் டென்வரில் 38 அணிகள் வந்தன, ஆஸ்திரேலியாவை 16-5 என்று வென்று முதல் வெண்கலம். 2018-ல் இஸ்ரேலின் நெத்தன்யாவில் மறுபடியும் ஆஸ்திரேலியா, இந்த முறை 14-12. 2023-ல் சான் டியாகோவில் 30 அணிகளுக்கு நடுவே மூன்றாவது வெண்கலம்.

புதிதாக வந்து சேர்ந்த அணிகளில் பெரும்பாலானவை கற்றுக்குட்டிகள். எனவே 46-ல் மூன்றாவது என்பதில் அந்த 46 நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. உச்சியில் மோதிக்கொண்டது எப்போதும் ஏறத்தாழ அதே கூட்டம்தான்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, இவர்கள். போட்டி நடத்துபவர்களுக்கும் இது தெரியும். அதனால் வலுவான அணிகளை நீலப் பிரிவு என்று தனியாக வைத்து, முதல் சுற்றிலேயே ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். அந்தப் பிரிவில் இரண்டு மூன்று தோல்வியோடு ஓர் அணி அரையிறுதிக்குப் போவது சாதாரணம். வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்து, "இவங்க இத்தனை தோத்திருக்காங்களே" என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் உண்மையான ஏற்றம் எது? அந்த ஐவர் கூட்டத்துக்குள்ளேயே கடைசியில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் தாண்டி மேலே வந்தார்களே, அதுதான். கேட்க இரண்டு படி. ஆனால் அந்த இரண்டு படி எவ்வளவு உயரம் என்று மலேசியர்களைக் கேட்டால் தெரியும். 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் நாம் நான்காவது வந்தோம். அரையிறுதியில் இந்தியாவிடம் 2-3. ஐம்பது வருடம் ஆகிவிட்டது, நான்காம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு படியைப் பற்றி ஒட்டுக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஏற எது உதவியது? ஒன்று, பாக்ஸ் லாக்ரோஸ். நெருக்கடியான இடத்தில் வளர்ந்த ஆட்டக்காரனுக்குக் கைவேலை நுணுக்கமாக வரும். லயத்துச் சந்தில் காற்பந்து பழகியவன் பெரிய திடலில் பந்தைத் தொலைக்காத மாதிரி. பாக்ஸ் உலகப் போட்டிகளில் 2003 முதல் 2019 வரை நடந்த ஐந்திலும் இவர்கள் வெள்ளி வாங்கினார்கள், ஐந்து முறையும் இறுதியில் கனடாவிடம் தோற்று. இன்னொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உபகாரச் சம்பளம். ஒனொண்டாகா நிலத்தில் வளர்ந்த லைல் தாம்சன், மைல்ஸ் தாம்சன் என்ற அண்ணன் தம்பி, 2014-ல் அமெரிக்காவின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கான டெவாரட்டன் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். பூர்வகுடி ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு லைல் தனியாக மறுபடியும் வாங்கினார்.

2010: ஆடாமலே போன ஆண்டு

மேலே உள்ள கணக்கில் 2006-க்கும் 2014-க்கும் நடுவே ஓர் ஆண்டை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

2010 உலகப் போட்டி இங்கிலாந்தின் மான்செஸ்டரில். அணி நியூயார்க்கில் பெட்டி கட்டிக்கொண்டு நின்றது. கையில் ஹோடெனோஷோனி கடப்பிதழ். அதில் கையால் எழுதிய பகுதிகள் இருந்தன. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அது ஒத்துவராது என்று சிக்கல் கிளம்பியது. அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலரி கிளிண்டன் தலையிட்டு, அந்த ஒரு முறைக்கு அமெரிக்கா விலக்கு கொடுத்தது. பிரிட்டன் கடைசிவரை விசா தரவில்லை. அமெரிக்கக் கடப்பிதழோ கனடியக் கடப்பிதழோ எடுத்துக்கொண்டால் போய்விடலாம் என்றார்கள். அணி மறுத்துவிட்டது. ஆடாமலே போட்டி போயிற்று.

"ஒரு தாள்தானே, எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. என் அப்பாயி இங்கேயே பிறந்தவர், நாற்பது வருடம் பால் வெட்டியவர். சாகும்வரை கையில் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. ஒவ்வொரு முறை கவுண்டருக்குப் போகும்போதும் அதை ஒரு சுருக்குப் பையிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுவார். அவருக்கு வேண்டியது குடிமக்களின் நீல ஐசி, கிடைக்கவில்லை. அந்த ஆட்டக்காரர்களுக்கு வேறு நாட்டுத் தாள் கிடைக்கும், வேண்டாம் என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல, நேர் எதிர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தாள் வெறும் தாளில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

2028: இன்னொரு வாசல், இன்னொரு காவல்காரர்

லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் சிக்ஸஸ் உண்டு என்று 2023 அக்டோபரில் முடிவானது. கிரிக்கெட்டும், நம் சிவசங்கரி ஆடும் ஸ்குவாஷும் அதே கூட்டத்தில்தான் உள்ளே வந்தன. ஆண்களில் ஆறு அணி, பெண்களில் ஆறு அணி.

ஒலிம்பிக்குக்கு அணி அனுப்புவது விளையாட்டுக் கூட்டமைப்பின் வேலையில்லை. தேசிய ஒலிம்பிக் மன்றம்தான் அனுப்ப முடியும். ஒவ்வொரு நாட்டிலும் அனைத்துலக ஒலிம்பிக் குழு அங்கீகரித்த ஒரே அமைப்பு அது. ஹோடெனோஷோனிக்கு அப்படி ஒரு மன்றம் இல்லை. புதிதாகத் தொடங்கலாமே என்றால், 1996-லிருந்து விதி இறுகிவிட்டது. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சுதந்திர நாட்டுக்கு மட்டுமே புது மன்றம். அதற்கு முன்பு இவ்வளவு கண்டிப்பு இல்லை. இதற்கு நாமே சாட்சி: 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மலாயா ஆடியது, வட போர்னியோவும் தனியாக ஆடியது. மலாயாவுக்குச் சுதந்திரம் 1957-ல்.

இந்த வாசலில் இவர்கள் ஏற்கெனவே ஒருமுறை இடித்துக்கொண்டார்கள். பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் 2022 உலக விளையாட்டுப் போட்டிக்கு (World Games), ஒலிம்பிக் மன்றம் இல்லை என்ற அதே காரணத்தைச் சொல்லி முதலில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, முடிவு மாறியது, ஆனால் இடம் நிரம்பிவிட்டது. அப்போது அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்து விலகியது. ஒலிம்பிக்கில் அப்படி விட்டுக்கொடுக்க வழியில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன், இவர்களைத் தனிக்கொடியில் ஆடவிட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். மன்றங்கள் மட்டுமே அணி அனுப்ப முடியும் என்பது ஒலிம்பிக் குழுவின் பதில். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணிக்கும் இதே தலைவலிதான்.

ஆக, தங்கம் வாங்குவார்களா என்பது இரண்டாவது கேள்வி. திடலில் இறங்க விடுவார்களா என்பதுதான் முதல் கேள்வி. அதை மூன்று வெண்கலமும் ஐந்து வெள்ளியும் தீர்த்துவைக்காது.

இவ்வளவையும் அடுத்த ஞாயிறு தம்பியிடம் சொன்னேன். தே ஓ ஆறிப்போகும்வரை கேட்டான்.

"சரிண்ணே, தனியா விடலைன்னா அமெரிக்கா ஜெர்சி போட்டுக்கிட்டு ஆடிட்டுப் போகலாம்ல? குடியுரிமை இருக்கிறவங்க இருப்பாங்கதானே?"

"இருக்காங்க. உங்கப்பாவை அந்தக் காலத்துல பக்கத்துத் தோட்டத்து அணி காசு கொடுத்துக் கூப்பிட்டுச்சே, போனாரா?"

"போகலை. அதுக்கு எங்கம்மா இன்னிக்கும் திட்டும்."